மேதையானால்தான் மனிதனா?

ஆட்டிஸம் உள்ளவர்களை டெலிவிஷன் முதலாளிகள் நிறுக்கும் தராசு

அமெரிக்காவில் டிஸ்னி என்ற ஏகபோகக் கம்பெனிக்குச் சொந்தமான ஏ.பி.சி. டெலிவிஷன், 2017 செப்டம்பரிலிருந்து 2024 மே வரை ஏழு பருவங்கள் ஒரு தொடரை ஓட்டியது. ‘தி குட் டாக்டர்’ என்று பெயர். 2013-ல் தென் கொரியாவில் வந்த ஒரு தொடரைத் தழுவி எடுத்தது. ஆட்டிஸம் உள்ள ஒரு வாலிபன் அறுவைச் சிகிச்சை டாக்டராக வருகிறான் என்பது கதை. “பார்த்தீர்களா, இப்படிப்பட்டவர்களுக்கும் நாங்கள் எவ்வளவு கௌரவம் கொடுக்கிறோம்!” என்று கம்பெனி மார்தட்டிக்கொண்டது. ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியவர்களும் அநேகர்.

நாம் கேட்கிறோம்: இது கௌரவமா? யாருக்குக் கௌரவம்? எந்த நிபந்தனையின் பேரில் கௌரவம்?

‘ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் இந்த விஷயம் எதற்கு?’ என்று தோழர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். இந்த மனிதர்களை டெலிவிஷன் முதலாளி எந்தத் தராசில் வைத்து நிறுக்கிறானோ, அதே தராசில்தான் உங்களை ஆலை முதலாளியும் மிராசுதாரும் தினந்தோறும் நிறுக்கிறார்கள்.

ஆட்டிஸம் என்பது என்ன?

முதலில் விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்வோம். ஆட்டிஸம் பேயல்ல, பிசாசல்ல, முன்ஜென்மப் பாவமல்ல, தொற்று வியாதியுமல்ல. சில மனிதர்களின் மூளை பிறவியிலிருந்தே வேறு விதமாக வளர்கிறது, அவ்வளவுதான். நமக்குச் சாதாரணமாகப் படும் சப்தம் அவர்கள் காதில் இடியாக விழலாம். மின்விளக்கின் வெளிச்சம் கண்ணைக் குத்தலாம். அன்றாட வழக்கம் திடீரென்று மாறினால் தாங்க முடியாத கலக்கம் உண்டாகலாம். சிலர் சரளமாகப் பேசுவார்கள். எதிரே நிற்பவரின் குறிப்பு மட்டும் அவர்களுக்குப் பிடிபடாது. சிலர் ஆயுள் முழுவதும் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஆனால் பேசாததாலேயே அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடாது. சிலர் தனியாக வாழ்வார்கள். சிலருக்கு இரவு பகலாகத் துணை வேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டின்படி, உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் இப்படிப்பட்டவர். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையை எடுத்துக்கொண்டாலும், ஆயிரம் பேர் குடியிருக்கும் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கணக்குப்படி ஏழெட்டுப் பேர். பணக்காரன் பங்களாவில் மட்டும் பிறக்கிற குழந்தைகள் அல்ல இவர்கள். லயன் வீட்டிலும் குடிசையிலும் பிறக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: பணக்காரன் வீட்டுக் குழந்தைக்கு டாக்டர் பெயர் சொல்லி அறிவிக்கிறார், ஏழை வீட்டுக் குழந்தைக்கு ஊர் ‘கிறுக்கு’ என்று பெயர் வைக்கிறது.

சூதாட்ட விடுதியில் பிறந்த அச்சு

டெலிவிஷன்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஓர் அச்சு உண்டு. அதை வார்த்துக் கொடுத்தது சினிமா. 1988-ல் ஹாலிவுட்டில் ‘ரெயின் மேன்’ என்ற படம் வந்தது. டஸ்டின் ஹாஃப்மன் நடித்தார். சிறந்த படம், சிறந்த நடிகர் உள்பட நான்கு ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. விடுதியில் அடைபட்டிருந்த ஆட்டிஸக்கார அண்ணனைத் தம்பி வெளியே அழைத்துப் போகிறான். தரையில் சிதறிய பல் குத்தும் குச்சிகளை ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லும் அபார மூளை அண்ணனுக்கு. அந்த மூளையைத் தம்பி என்ன செய்கிறான்? லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிக்குக் கொண்டுபோய், சீட்டாட்டத்தில் பணம் பண்ணுகிறான்! கதை முடிவில் அண்ணன் திரும்பவும் விடுதிக்கே போகிறான்.

சகோதர பாசத்தைக் காட்டிய படம் என்று புகழ்ந்தார்கள். பாசம் இருக்கட்டும். மனிதனிடம் எது காசாக மாறுமோ அது மேடைக்கு வந்தது. மற்றதெல்லாம் விடுதிக்குப் போயிற்று என்பதையும் பார்க்க வேண்டாமா?

அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுகோலாக இருந்த கிம் பீக் என்பவருக்கு இருந்தது ஆட்டிஸமே அல்ல என்று பிற்பாடு டாக்டர்கள் கருதினார்கள். அதனால் என்ன? அச்சு நிலைத்துவிட்டது! ஆட்டிஸம் என்றால் அபூர்வ மேதை என்று கோடிக்கணக்கான ஜனங்கள் நம்பினார்கள். உண்மையில் அப்படிப்பட்ட அபூர்வத் திறமை, ஆட்டிஸம் உள்ளவர்களில் பத்துப் பேருக்கு ஒருவரிடம்தான் காணப்படுகிறது என்று 1978-லேயே பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற ஆய்வாளர் எழுதியிருந்தார். மீதி ஒன்பது பேர்? அவர்கள் கதைக்கு உதவாதவர்கள்!

‘நல்ல டாக்ட’ரின் வேலைப் பரீட்சை

இப்போது அந்த டாக்டர் கதைக்கு வருவோம். முதல் நாள் காட்சியிலேயே ஆஸ்பத்திரி டைரக்டர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிக்கிறார்கள்: இவனை வேலைக்கு எடுக்கலாமா, கூடாதா? அதே நேரத்தில் விமான நிலையத்தில் கண்ணாடி விழுந்து அடிபட்ட சிறுவனை இந்த வாலிபன் அசாத்தியமான சாமர்த்தியத்தால் காப்பாற்றுகிறான். அந்தக் காட்சி படமாகி ஊரெல்லாம் பரவுகிறது. அதன் பிறகுதான் டைரக்டர்களின் மனம் இளகுகிறது. வேலை கிடைக்கிறது.

தோழர்களே, இதன் அர்த்தம் என்ன? படித்துப் பட்டம் வாங்கியது போதாது. வேலை செய்யத் தெரிந்திருப்பது போதாது. அவன் ஓர் அற்புதம் செய்து காட்ட வேண்டும்! மற்ற டாக்டர்கள் மனிதராய்ப் பிறந்ததாலும் படித்ததாலும் உள்ளே வருகிறார்கள். இவன் மட்டும் தெய்வாம்சம் உள்ளவனாக இருந்தால்தான் கதவு திறக்கும். இதற்குப் பெயர் கௌரவமல்ல, நிபந்தனை.

இந்த நிபந்தனை உங்களுக்குப் பழக்கமானதுதான். கை வேகமாக ஓடுகிற வரையில் நீங்கள் ‘நல்ல தொழிலாளி’. பஞ்சுத் தூசி நெஞ்சில் அடைத்து, மூச்சு வாங்கி, கை தளர்ந்த அன்று? வாசல் காவல்காரன் கூட அடையாளம் கண்டுகொள்ள மாட்டான். மற்றவர்களைக் காட்டிலும் இரண்டு கட்டு அதிகமாக நடுகிற வரையில் அந்தப் பெண் ‘கெட்டிக்காரி’. முதுகு வளைந்து முழங்கால் வீங்கினால், மறுநாள் நடவுக்கு அழைப்பில்லை. ‘எதற்குப் பிரயோஜனப்படுவாய்?’ என்பதே முதலாளித்துவம் மனிதனிடம் கேட்கும் முதல் கேள்வி. பிரயோஜனம் உள்ள வரையில் மாலை, இல்லையென்றால் குப்பைமேடு.

சிரிப்பும் பயமும்

மேதை அச்சில் பொருந்தாதவர்களுக்கு வேறு இரண்டு அச்சுகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, சிரிப்புக்கு.

2007-லிருந்து 2019 வரை சி.பி.எஸ். டெலிவிஷனில் ஓடிய ‘தி பிக் பேங் தியரி’யில் ஷெல்டன் என்றொரு விஞ்ஞானி. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வேண்டும், வழக்கம் மாறக்கூடாது, பிறர் கேலியாகப் பேசினால் புரியாது. ஆட்டிஸம் உள்ளவர்கள் பலர் இதில் தங்களையே கண்டார்கள். ஆனால் அவனை அப்படி எழுதவில்லை என்று தொடரை உண்டாக்கியவர்கள் கையை விரித்தார்கள். பெயரைச் சொல்லாவிட்டால் பொறுப்பும் இல்லையல்லவா? குணங்களை எடுத்துக்கொண்டு சிரிக்கலாம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை!

இன்னொன்று, பயத்துக்கு. 2006-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய தர்ம ஸ்தாபனத்தின் ஆதரவில் வந்த விளம்பரப் படத்தில், ஒரு தாய் தன் குழந்தையோடு பாலத்திலிருந்து காரை விட்டு விழுந்துவிட நினைத்ததாகச் சொன்னார். அந்தக் குழந்தை அதே அறையில் இருந்தது! 2009-ல் அதே ஸ்தாபனம் இன்னொரு படம் வெளியிட்டது. அதில் ஆட்டிஸம் ஒரு ராட்சஸக் குரலில் பேசி, உங்கள் குடும்பத்தை உடைப்பேன், உங்களை ஓட்டாண்டியாக்குவேன் என்று மிரட்டியது. அந்தத் தாயின் துயரம் பொய்யல்ல. தூக்கமில்லாத இரவும் கையில் காசில்லாத பகலும் பொய்யல்ல. ஆனால் அவளை ஓட்டாண்டியாக்கியது யார்? குழந்தையா? அல்லது வைத்தியத்தையும் பள்ளிக்கூடத்தையும் கடைச்சரக்காக்கி விற்கிற சமுதாய அமைப்பா? குற்றவாளியை மறைத்துவிட்டுக் குழந்தையைக் கூண்டில் ஏற்றினார்கள்.

இதற்கு முன்னால் தாயையே கூண்டில் ஏற்றினார்கள். பாசமில்லாத தாயினால்தான் ஆட்டிஸம் வருகிறது என்ற புரட்டை, புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் புத்தகமாகவே எழுதி, டெலிவிஷனிலும் பேசிப் பரப்பினார். ரிம்லாண்ட் 1964-லேயே அந்த வாதத்தை எதிர்த்து எழுதியிருந்தும், எத்தனையோ தாய்மார்கள் தங்களையே நொந்துகொண்டு செத்தார்கள்.

தராசு கடைசியில் எங்கே போகும்?

‘பிரயோஜனம்’ என்ற தராசு கடைசிவரை போனால் எங்கே போய் நிற்கும் என்பதைச் சரித்திரம் காட்டிவிட்டது. நாஜி ஆட்சியில் வியன்னா நகரத்து ‘ஆம் ஸ்பீகெல்கிரண்ட்’ என்ற குழந்தைகள் மருத்துவ விடுதியில் 1940 முதல் 1945 வரை 789 குழந்தைகள் செத்தார்கள். ஊனமுற்ற குழந்தைகள், ‘பயனற்றவை’ என்று முத்திரை குத்தப்பட்ட குழந்தைகள். ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற டாக்டர் அதே வியன்னாவில் 1944-ல் ஆட்டிஸம் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பிற்காலத்தில் புகழ்பெற்றார். அவரே குறைந்தது இரண்டு குழந்தைகளை அந்த விடுதிக்கு அனுப்பினார் என்பதை ஹெர்விக் செக் என்ற வரலாற்று ஆய்வாளர் 2018-ல் ஆவணங்களோடு வெளிப்படுத்தினார்.

டெலிவிஷன்காரன் நாஜி என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நியாயமும் அல்ல. ஆனால் ‘உபயோகம் இருப்பதால் இவன் வாழட்டும்’ என்று கைதட்டிப் பழகிய வாய், ‘உபயோகம் இல்லாதவன் எதற்கு?’ என்று கேட்கவும் பழகிவிடும். எந்த உபயோகமும் காட்டாத மனிதனுக்கும் மரியாதை உண்டு என்று சொல்லத் தெரியாத கலை, யாருக்கும் மரியாதை செய்யவில்லை.

‘நடிப்புதானே?’ என்கிறார்கள்

இதற்குச் சிலர் பதில் சொல்கிறார்கள்: “மேதையாகக் காட்டினாலாவது ஜனங்கள் அன்பு கொள்கிறார்களே! ஆட்டிஸம் உள்ளவர்களால் நடிக்க முடியாது. ஆகவே மற்றவர்கள் நடிக்கிறார்கள். நடிப்பென்றாலே இன்னொருவனாக மாறுவதுதானே?”

முடியாது என்பது பொய். 2020 ஜனவரியில், அதே டிஸ்னிக்குச் சொந்தமான ஃப்ரீஃபார்ம் டெலிவிஷனில், ஆட்டிஸம் உள்ள கெய்லா குரோமர் என்ற நடிகை ஆட்டிஸம் உள்ள பெண்ணாகவே முக்கிய வேடத்தில் நடித்தார். அந்தத் தொடர் இரண்டு பருவங்களோடு நின்றது. ‘நல்ல டாக்ட’ரில் ஆட்டிஸம் இல்லாத ஃப்ரெடி ஹைமோர் ஏழு பருவங்கள் நடித்தார். கெய்லா குரோமர் அந்தத் தொடருக்குள் வந்ததே 2024-ல், கடைசிப் பருவத்தில்தான். இங்கிலாந்தில் பி.பி.சி. 2023-ல் ‘எ கைண்ட் ஆஃப் ஸ்பார்க்’ என்ற சிறுவர் தொடரைக் காட்டியது. கதையை எழுதிய எல் மெக்நிக்கல் ஆட்டிஸம் உள்ளவர். ஆட்டிஸம் உள்ள பாத்திரங்களில் ஆட்டிஸம் உள்ள நடிகைகளே நடித்தார்கள். சூனியக்காரிகள் என்று சொல்லிக் கொல்லப்பட்ட பெண்களுக்கு நினைவுச் சின்னம் கேட்டுத் தன் கிராமத்தோடு வாதாடும் ஒரு சிறுமியின் கதை அது. மேதை மந்திரம் இல்லை. நியாய உணர்ச்சி இருக்கிறது.

நடிப்பென்பது இன்னொருவனாக மாறுவதுதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் எல்லா வேடமும் எல்லாருக்கும் திறந்திருக்கும் நாட்டில் அல்லவா அந்தப் பேச்சு செல்லும்? மற்ற வேடங்களுக்கும் இவர்களை எடுப்பதில்லை; இவர்களுடைய சொந்த வேடத்துக்கும் எடுப்பதில்லை என்றால், அது கலைத் தத்துவமல்ல; கதவடைப்பு! ஆலைக் கதவடைப்புக்கும் இதற்கும் என்ன பேதம்? இங்கிலாந்து சர்க்கார் 2024-ல் வெளியிட்ட பக்லாண்ட் அறிக்கையே, ஆட்டிஸம் உள்ள வயது வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்று சொல்லுகிறது.

இனி, வாய் பேசாதவர்கள், துணையில்லாமல் வாழ முடியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களை எப்படிக் காட்டுவது? இது நியாயமான கேள்வி. பதிலும் எளியது: அவர்களைக் காட்டுங்கள்! படங்களைச் சுட்டிக்காட்டியும், எழுத்துக்களைத் தொட்டும் அவர்கள் பேசுவதைக் காட்டுங்கள். அவர்களைப் பராமரிக்கும் கூலிப் பெண்ணுக்கு என்ன கூலி என்பதையும் காட்டுங்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு விடுதியில், குழந்தைகளின் ‘நடத்தையைத் திருத்த’ உடம்பில் மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். அமெரிக்க மருந்து இலாகா 2020-ல் அதைத் தடை செய்தது. 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மேதைக் கதைகளின் கண்ணீரெல்லாம் இந்தப் பக்கம் ஏன் திரும்பவில்லை?

ஒரு பொம்மை சொல்லும் பாடம்

நல்ல உதாரணமும் உண்டு. அதை மறைப்பது நமது வழக்கமல்ல. ‘செஸமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் 2017 ஏப்ரலில் ஜூலியா என்ற பொம்மைச் சிறுமி வந்தாள். நாலு வயது. ஆட்டிஸம் உள்ளவள். பெரிய மஞ்சள் பறவை வணக்கம் சொல்கிறது. அவள் பதில் சொல்லவில்லை. என்னைப் பிடிக்கவில்லையோ என்று பறவை வருந்துகிறது. அவள் தன் போக்கில் பழகுவாள், கொஞ்சம் பொறு என்று மற்றவர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். வண்டியின் ஊதல் சப்தம் கேட்டு அவள் காதைப் பொத்திக்கொள்ளும்போது, அமைதியான இடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். அப்புறம் விளையாட்டு. பொம்மையை ஆட்டுவிக்கும் ஸ்டேஸி கோர்டன், ஆட்டிஸம் உள்ள மகனைப் பெற்ற தாய்.

ஜூலியா யாரையும் காப்பாற்றவில்லை, சீட்டு எண்ணவில்லை. அவள் மாறவில்லை, சுற்றி இருந்தவர்கள் மாறினார்கள். இதுவல்லவா மரியாதை!

ஆனால் அந்த ஜூலியாவையே 2019-ல், மேலே சொன்ன தர்ம ஸ்தாபனத்தின் விளம்பரத்துக்குக் கொடுத்தார்கள். அதுவரை நிகழ்ச்சிக்கு யோசனை சொல்லி வந்த, ஆட்டிஸம் உள்ளவர்களே நடத்துகிற சங்கம், உறவை முறித்துக்கொண்டு வெளியேறியது. நல்லெண்ணத்தின் மேல் மட்டும் கட்டிய வீடு நிற்காது. அதிகாரம் யார் கையில் என்பதே கேள்வி.

சங்கம் சேர்ந்தவர்கள் வென்றார்கள்

அந்தச் சங்கம் 2006-ல் தொடங்கியது. 2007 டிசம்பரில், நியூயார்க் நகரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையம், குழந்தைகளை ஆட்டிஸம் கடத்திக்கொண்டு போய்விட்டதாகக் கடத்தல்காரன் கடிதம் போல விளம்பரத் தட்டிகள் வைத்தது. ஆட்டிஸம் உள்ளவர்களும் மற்ற ஊனமுற்றோர் அமைப்புகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் விளம்பரம் வாபஸ்! ‘பேசவே தெரியாதவர்கள்’ என்று சொல்லப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து பேசியபோது நடந்தது இது. “எங்களைப் பற்றிய எதுவும் எங்களை விட்டுவிட்டு வேண்டாம்” என்பது அவர்களுடைய கோஷம்.

டெலிவிஷன் தொழிலாளிகளும் சும்மா இருக்கவில்லை. 2023-ல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ‘நல்ல டாக்டர்’ கடைசிப் பருவமே பத்துப் பகுதியாகச் சுருங்கிற்று. கதை என்பதும் யாரோ கூலிக்கு உழைத்துச் செய்யும் பண்டம்தான். அந்தப் பட்டறைக்குள் யாரைச் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்பது தொழிற்சங்கப் பிரச்னையே.

நமது நாட்டில் 2016-ம் ஆண்டின் ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் ஆட்டிஸத்தை 21 ஊனங்களில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பகிரங்கமாக வேண்டுமென்றே அவமதித்தால் ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை என்று 92-வது பிரிவு சொல்கிறது. ஒரு இந்திப் படத்தை எதிர்த்து நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில், 2024 ஜூலை 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் வழிகாட்டும் விதிகளைச் சொன்னது: ஊனமுற்றவரைக் கேலிப்பொருளாக்காதே, அதே சமயம் அதிசய மனிதனாக்கியும் காட்டாதே, அவர்களைக் கலக்காமல் அவர்கள் கதையை எழுதாதே. சரியான வார்த்தைகள்தான். ஆனால் சட்டப் புத்தகத்தில் தூங்கும் வார்த்தை யாரையும் காப்பாற்றியதில்லை. சர்க்கார் வேலையில் ஒதுக்கிய 4 சதவிகிதத்தில், ஆட்டிஸத்துக்கும் வேறு பல ஊனங்களுக்கும் சேர்த்து 1 சதவிகிதம்தான். தனியார் ஆலைக்கு அந்தக் கட்டாயமும் இல்லை.

‘கூலிக்கே போராட்டம், இதில் டெலிவிஷன் மரியாதை வேறா?’ என்று கேட்கும் தோழருக்குச் சொல்கிறோம். டெலிவிஷன் சிரிக்கக் கற்றுக்கொடுத்ததைத்தான் தெருப் பிள்ளைகள் கல்லாக எறிகிறார்கள். மேதைக் கதை பார்த்த வாத்தியார், ‘உன் பிள்ளையிடம் அப்படி ஒரு திறமையும் இல்லையே’ என்று கையை விரிக்கிறார். பயம் காட்டிய படத்தைப் பார்த்த தகப்பன், மந்திரவாதிக்கும் போலி வைத்தியனுக்கும் கடன் வாங்கிக் கொட்டுகிறான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் தாய் வேலையை விடுகிறாள். குடும்பத்தில் ஒரு கூலி விழுகிறது. இது கூலிப் பிரச்னை இல்லையென்றால் வேறு எது கூலிப் பிரச்னை?

ஆகவே நமது கோரிக்கைகள் இவை. ஆட்டிஸம் உள்ளவர்களின் கதையை எழுதும் மேஜையிலும், நடிக்கும் மேடையிலும் அவர்களுக்கு இடம் வேண்டும், முழுக்கூலியுடன். ‘கிறுக்கு’, ‘லூசு’ என்று சிரிப்பு வியாபாரம் செய்யும் காட்சிகள் ஒழிய வேண்டும். குழந்தைகளைப் பரிசோதித்துச் சொல்லும் டாக்டரும், கற்றுக்கொடுக்கத் தெரிந்த ஆசிரியரும் ஒவ்வொரு தாலுகாவிலும் சர்க்கார் செலவில் வேண்டும். பராமரிக்கும் தாய்க்கு உதவித் தொகை வேண்டும். ஒதுக்கீடு தனியார் ஆலைக்கும் விரிய வேண்டும்.

நமது சங்கங்களிலும் ஒரு காரியம் தொடங்கலாம். உங்கள் லயனிலோ தெருவிலோ வீட்டுக்குள் மறைத்து வைத்திருக்கும் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தத் தாயிடம் போய்ப் பேசுங்கள். பிள்ளையைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியின் சப்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாலும், அவனும் நம்மில் ஒருவனே.

உழைக்கும் மனிதனுக்கு மரியாதை வேண்டும் என்கிறோம். உழைக்க முடியாத மனிதனுக்கும் அதே மரியாதையைக் கேட்காவிட்டால், நாம் முதலாளியின் தராசையே கையில் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். அந்தத் தராசை முறிப்போம்!